மேலே ஒரு கையெழுத்து, கீழே ஒரு கையெழுத்து

"இது உன் கையெழுத்து இல்லைன்னு சொல்றார்மா" என்றாள் என் மகள்.

வங்கி ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் பேசிய நேரத்தைப் பார்த்தால் அது அவ்வளவு சின்ன விஷயமாக இருக்க முடியாது. உதட்டைச் சுழித்தான். பேனாவால் என்னைக் காட்டினான். பக்கத்து இருக்கைக்காரியிடம் ஏதோ சொன்னான், அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவன் அரைப் பக்கம் பேசினான். நீ அரை வரி சொல்றே."

"மீதி உனக்கு வேண்டாம்மா."

வேண்டாம் என்றால் என்ன என்று புரியாத வயதா எனக்கு? திருடி என்றோ, திருட்டுப் பொருளை மாற்ற வந்தவள் என்றோ சொல்லியிருப்பான். அந்தக் கையெழுத்தை அவன் கண் முன்னால்தான் போட்டேன். அவர்கள் பேனாவால்தான் போட்டேன். அந்தப் பேனாவைச் சங்கிலி கோத்து மேஜையோடு கட்டி வைத்திருந்தார்கள். ஒரு பேனாவையே நம்பி வெளியே விடாதவர்கள் என்னை நம்புவார்களா?

என் காலடியில் மகளின் பெட்டி இருந்தது. தெருமுனை டிக்கெட் ஆபீஸில் அவள் பெயருக்கு ஒரு சீட்டை மாலை ஆறு மணி வரை பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று இரவு விமானம். என்னிடம் திரும்பிப் போகும் டிக்கெட் இருந்தது, அதை அதே விமானத்துக்கு மாற்றியாகிவிட்டது. அவளுக்குத்தான் வாங்க வேண்டும். வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த மாப்பிள்ளை மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்குள் என் பெண் இந்த நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். நான் வந்த காரியம் அது ஒன்றுதான்.

அதற்கான பணம் என் கைப்பையில் இருந்தது. அது பணமே இல்லை என்றுதான் காலையிலிருந்து ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டிராவலர்ஸ் செக் என்று அதற்குப் பெயர். பார்வைக்கு நோட்டு மாதிரியே இருக்கும். பூ வேலை, நம்பர், ஓரத்தில் வழவழப்பு எல்லாம் உண்டு. நம் ஊர் வங்கியில் பணத்தைக் கட்டி வாங்கும்போது ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் மாற்றும்போது, மாற்றித் தருகிறவன் பார்க்கக் கீழே ஒன்று போட வேண்டும். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒத்துப்போனால் கையில் காசு. திருடன் அடித்துக்கொண்டு போனாலும் அவனுக்கு உபயோகப்படாது. திருடனுக்கு வைத்த பொறிதான், ஆனால் மாட்டிக்கொண்டவள் நான்.

நான் துணி வெட்டுகிறவள். ஒரு தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெண்ணை மாஸ்டர் என்று கூப்பிடலாமா என்று குழம்பி எல்லோரும் 'மாஸ்டரம்மா' என்று வைத்துக்கொண்டார்கள். அடுக்கடுக்காக விரித்த துணி மேல் சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரிக்கோலை ஓட்டினால் கடைசி அடுக்கு வரை ஒரு நூல் பிசகாது. எல்லாம் இடது கையால். என் கத்தரிக்கோலே இடது கைக்கென்று தனியாகச் செய்து வாங்கியது. கணவர் போன பிறகு மகளை வளர்த்ததும் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கைதான்.

ஆனால் அந்தக் கை கல்யாணப் பந்தலில் ஆகாது. ஒருவருக்குக் காசு கொடுக்க ஆகாது, வாங்க ஆகாது. பெரியவர்கள் எதிரில் பேனா பிடிக்க ஆகாது. சின்ன வயதில் அந்த விரல்களில் வாங்கிய அடிக்குக் கணக்கு இல்லை. அடித்தவர்கள் எல்லோரும் பின்னாளில் அது தைத்துக்கொடுத்த துணியைச் சந்தோஷமாக உடுத்திக்கொண்டார்கள்.

என் கணவரின் அண்ணன், என் மூத்தார், எங்கள் வீட்டுக்குப் பெரியவர். பெரியவர் என்றால் யாரும் தேர்ந்தெடுத்து வந்தவர் அல்ல, முன்னால் பிறந்தார், அவ்வளவுதான். அரசாங்க ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு விஷயம் எதுவும் அவர் மேஜைக்குப் போய் வராமல் நடக்காது.

மகள் போனில் "அம்மா, என்னை வந்து கூட்டிட்டுப் போயிடும்மா" என்று சொன்னபோது நான் செய்த முட்டாள்தனம், அதை அவரிடம் போய்ச் சொன்னது.

"அடிச்சாரா?" என்றார் மூத்தார்.

"இல்லையாம், பெரியத்தான்."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"வேற ஏதாவது சகவாசம்?"

"அப்படியும் ஒண்ணும் சொல்லல."

"சத்தமாவது போடுறாரா? நான் பேசியிருக்கேனே. அந்தப் பிள்ளை வாயில ஒரு வார்த்தை அதிர்ந்து வராதே. அப்புறம் என்னதான் குறையாம் உன் பொண்ணுக்கு?"

போனில் எத்தனை கேட்டாலும் அவள் அதைச் சொல்லவில்லை. "ஒண்ணும் பண்ணலம்மா. இங்க இருக்க முடியல" என்பதோடு சரி. பெற்றவளுக்கு அது போதும். மூத்தாருக்குப் போதாது. ஆகவே, போய்ப் புத்தி சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கிளம்பினேன். நல்ல முடிவு என்று பாராட்டினார். பாராட்டியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "ரொக்கமா எடுத்துட்டுப் போகாதே. பொம்பளை தனியாப் போறே. டிராவலர்ஸ் செக் வாங்கிக்கோ. நானே வர்றேன்" என்று வங்கிக்கும் கூடவே வந்துவிட்டார்.

வங்கிப் பெண் ஆறு செக்குகளை என் முன்னால் விரித்து வைத்து, மேல் கோட்டைக் காட்டினாள். நான் வழக்கம்போல இடது கையால் பேனாவை எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு கனைப்பு.

"ம்ஹ்ம். பணங்காசு விஷயம். பீச்சாங்கையிலயா போடுவே? சோத்துக்கையால போடும்மா."

நான் சம்பாதித்த பணம். இந்தக் கை சம்பாதித்த பணம். அதை வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போட மட்டும் இந்தக் கை லாயக்கில்லையாம். இதைத் திரும்பி நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேனாவைக் கை மாற்றிக்கொண்டேன். ஆறு கையெழுத்தையும் அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். நகைக்கடையில் எடை பார்ப்பதுபோல, ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு 'ம்ம்' வேறு. வங்கிப் பெண் பாஸ்போர்ட் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டாள். பாஸ்போர்ட்டில் இருந்தது இடது கைக் கையெழுத்து. அதைப் போட்ட நாளில் மூத்தார் ஊரில் இல்லை.

அதன் பலனைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் முதலில் போனது பணம் மாற்றும் கடைக்கு. கடை என்றால் பெட்டிக்கடை அளவு. வாசலில் விளக்கு எரியும் பலகை. அதில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு விலை. ஏன் இரண்டு என்று மகளைக் கேட்டேன். நம்மிடம் வாங்கினால் ஒரு விலை, நமக்குக் கொடுத்தால் ஒரு விலை என்றாள். அதே நோட்டு, அதே கடை, அதே ஆள். கொடுக்கும்போது தங்கம், வாங்கும்போது தகரம். அதற்கு மேல் கமிஷன், அதற்கு மேல் செக்குக்கு ஒரு தனிக் கட்டணம். எங்கள் கம்பெனியில் ஒருவன் இப்படி அளவு நாடாவை இரண்டு விதமாக வைத்திருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்போம்.

"போகட்டும், மாத்தித் தொலை" என்று ஒரு செக்கை நீட்டினேன். கோபத்தில் எனக்கு எந்தக் கை முன்னால் போகும்? இடது கைதான் போனது. கீழ்க்கோட்டில் என் சொந்தக் கையெழுத்து, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, விறுவிறுவென்று விழுந்தது. அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், செக்கை ஜன்னல் வழியே திருப்பித் தள்ளிவிட்டான். தள்ளிய வேகத்தில் அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவள் என் மகள்.

கீழே ஒருமுறை போட்டுவிட்டால் அந்தச் செக் அவ்வளவுதானாம். அழிக்க முடியாது, திருத்த முடியாது. ஆறில் ஒன்று போயிற்று. டிக்கெட்டுக்கு நாலு வேண்டும்.

அதனால்தான் பெரிய வங்கிக்கு வந்தோம். இந்த முறை ஞாபகமாக வலது கையால் போட்டேன். போட்டு முடித்தபோதே தெரிந்துவிட்டது. மேலே இருந்தது குறுகலாக, பயந்து ஒடுங்கியதுபோல இருந்தது. கீழே விழுந்தது கொட்டை கொட்டையாக, கோட்டைத் தாண்டி ஓடியது. வலது கை எனக்குப் படம் போடும் கை. ஒருமுறை வருகிற படம் மறுமுறை வராது.

"இல்லைன்னா இல்லைதான். போகச் சொல்றார்" என்றாள் மகள்.

"மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லு."

"அம்மா, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். நான் என்ன துணி இல்லாமலா நிக்கிறேன்? கூப்பிடச் சொல்லுடி."

மேலதிகாரி வந்தார். டை கட்டிய, நெற்றி ஏறிய மனிதர். மரியாதையாகத்தான் பேசினார். மரியாதை என்பது சில பேருக்குக் கையுறை மாதிரி, அழுக்கு ஒட்டாமல் தொடுவதற்கு. எங்களைப் பக்கத்து மேஜையில் உட்கார வைத்து, வீணாய்ப்போன இரண்டு செக்கையும், மீதி நாலையும், என் பாஸ்போர்ட்டையும் பரப்பி வைத்தார். மேலே ஒரு கையெழுத்து. ஒன்றின் கீழே வேறு கையெழுத்து. இன்னொன்றின் கீழே வேறொன்று. பாஸ்போர்ட்டில் இருப்பது ஒன்றோடு ஒத்துப்போகிறது, ஆனால் அது மேலே இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. அவர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்திருக்கும்.

"இந்தச் செக்கை வாங்கினது யாருன்னு கேக்கறார்மா."

"நான்தான்னு சொல்லு. எல்லாமே என் கையெழுத்துன்னு சொல்லு. எனக்கு ரெண்டு கை இருக்குன்னு சொல்லு."

அவள் சொன்னாள். அவர் என் இரண்டு கைகளையும் பார்த்தார், ஏதோ அவை இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதுபோல. பிறகு நிறையப் பேசினார். மகளின் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று.

"என்னவாம்?"

"இந்த ஊர்ல நம்மளைத் தெரிஞ்ச ஒருத்தர் வந்து உத்தரவாதம் கொடுத்தா மாத்தித் தர்றாராம்."

"யாரைத் தெரியும் நமக்கு?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "என் அடையாள அட்டையில பேரைப் பார்த்ததும் கேட்டார்மா. உன் மாப்பிள்ளைக்கு இந்த பேங்க்லதான் கணக்காம். நல்ல கஸ்டமராம். ஒரு போன் பண்ணினா போதுமாம். பண்ணட்டுமான்னு கேக்கறார்."

யாரிடமிருந்து இவளைக் கொண்டுபோக வந்தேனோ அவரே வந்து, ஆமாம் இது என் மாமியார்தான் என்று கையெழுத்துப் போட்டால் தருவார்களாம். நான் பிறந்து இத்தனை வருஷம் உழைத்து, என் பெயரில் வாங்கி, என் பையில் வைத்துக் கொண்டுவந்த பணம். என் பெண்ணின் புருஷன் பெயருக்கு இருக்கும் மதிப்பு என் முகத்துக்கு இல்லை, பாஸ்போர்ட்டுக்கு இல்லை, அரசாங்க முத்திரைக்கும் இல்லை.

"போனை எடுத்தார்னா கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லு."

"அம்மா!"

"சரி, அப்படிச் சொல்லாதே. வேண்டாம்னு சொல்லு. இன்னொரு தடவை போட்டுக் காட்டறேன்னு சொல்லு."

அவர் யோசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வங்கி மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றே ஒன்று, தன் கண் முன்னால், என்றார். ஒத்துப்போனால் அடுத்ததும் போடலாம். போகாவிட்டால் எல்லாச் செக்கையும் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியிட்ட கம்பெனிக்கு எழுதிவிடுவாராம். பதில் வரும் வரை எதுவும் கிடைக்காது.

மகள் சட்டென்று என் முழங்கையைப் பிடித்தாள். "வேணாம்மா. விட்டுடு. நீ மட்டும் ஊருக்குப் போ. பெட்டியைப் பழையபடி பரண்ல வெச்சிட்டா அவருக்குத் தெரியாது. நான் சமாளிச்சுக்கறேன்."

பெட்டியைப் பழையபடி பரணில் வைப்பதுவரை யோசித்து வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மேஜையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும்போல இருந்தது.

நாலு செக்குகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மேலே இருந்த கையெழுத்துகள் நாலும் ஒன்றுபோலவே இருந்தன. எனக்கே ஆச்சரியம். என் வலது கை இப்படி அச்சடித்ததுபோல எப்போது எழுதியது? எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசி வால் உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. காகிதத்தைத் திருப்பித் தடவினேன், பேனா அழுந்தி முதுகுப் பக்கம் மேடு தட்டியிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும்போது வருகிற கையெழுத்து. இன்றைக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை, அதனால்தான் வரவில்லை.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? பயமுறுத்தினால்தான் சரியாக வரும் கையெழுத்தை வைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றச் சொல்கிறார்கள்.

"டீ, என் பின்னாடி வந்து நில்லு."

"எதுக்கும்மா?"

"உங்க பெரியப்பா மாதிரிப் பேசு. இந்தச் செக் வாங்கின அன்னிக்கு பேங்க்ல என் பின்னாடி நின்னுட்டு, பணங்காசு விஷயம்னு கனைச்சார், அதே மாதிரி. சோத்துக்கையால போடுன்னு சொல்லு."

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஆனால் இவள் அதில் கெட்டிக்காரி. பள்ளிக்கூட நாளில் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரைப் போலவே கனைத்து, அவரைப் போலவே கேள்வி கேட்டு, எங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாள்.

மேலதிகாரியிடம் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். நான் வலது கையில் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"ம்ஹ்ம்" என்று கனைத்தாள். "பணங்காசு விஷயம். சோத்துக்கையால போடும்மா."

குரல் எடுபடவில்லை. நாடகத்தில் வசனம் மறந்தவள்போல இருந்தது. என் கையில் ஒரு நடுக்கமும் இல்லை. அது இன்னும் சண்டைக்கு நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் நல்லா. எனக்குப் பயம் வரணும்."

மேலதிகாரி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"திரும்பாதே."

அது மூத்தாரின் குரல் இல்லை. என் மகளின் குரலும் இல்லை. தணிந்த குரல். என் காதுக்கு மட்டும் கேட்கிற அளவில், மிகவும் தன்மையாக.

"போடு. நான் நிக்கிறேன்ல. அவசரம் ஒண்ணும் இல்ல."

பேனா முனை கோட்டின் மேல் நின்றது.

"இதுகூட வராதா உனக்கு? பரவாயில்ல. மறுபடியும் முதல்லேர்ந்து செய். நான் பார்த்துட்டே இருக்கேன். எனக்கு வேற வேலை இல்ல. உங்க வீட்டுல உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையா? பாவம், அவங்களுக்கே தெரியாது போல. அழாதே. அழுதா முதல்லேர்ந்துதான். நேத்து மாதிரி விடிய விடிய நிக்கணும்னு ஆசையா? நான் உன்னை ஏதாவது திட்டினேனா? சொல்லு. திட்டினேனா? அப்ப போடு."

என் பிடரியில் மூச்சுப் பட்டது. பண்டிகைக்கும் பிறந்த நாளுக்கும் போனில் "நல்லா இருக்கீங்களா, அத்தை?" என்று விசாரிக்கும் குரல் அது. மூத்தார் கொண்டாடுகிற குரல். அதிர்ந்து ஒரு வார்த்தை வராத குரல்.

என் கை தானாக நகர்ந்தது. எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. கடைசி வால் உள்ளே சுருண்டது.

மேலதிகாரி செக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஏதோ சொல்லிச் சிரித்தார். மகள் மொழிபெயர்த்தாள், இப்போது அவளுடைய சொந்தக் குரலில். "முதல்லயே இப்படிப் போட்டிருக்கலாமேன்னு சொல்றார்மா."

அடுத்த செக்கை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மிச்சம் மூணுக்கும் பேசணுமாம்மா?" என்று கேட்டாள். இஸ்திரி போடணுமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"வேண்டாம். வாயை மூடிட்டு உட்கார். இனிமே அப்படி ஒரு வார்த்தை பேசாதே."

மூன்றையும் போட்டேன். யாரும் பின்னால் நிற்கவில்லை, யாரும் பேசவில்லை. ஆனாலும் மூன்றும் மேலே இருந்ததைப் போலவே அச்சு அசலாக விழுந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் கமிஷன் பிடித்துக்கொண்டு நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தான். நான் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

தெருவுக்கு வந்ததும் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். அவள் தான் தூக்குகிறேன் என்றாள், கொடுக்கவில்லை. டிக்கெட் ஆபீஸ் விளக்கு தெருமுனையில் தெரிந்தது. நேரம் இருந்தது. ஆனாலும் நான் வேகமாகத்தான் நடந்தேன். அந்தக் குரல் இன்னும் பிடரியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள், அரை நிமிஷம், அதுவும் நடிப்பு என்று தெரிந்தே கேட்ட எனக்கே இப்படி. இவள் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

"தினமுமாடி?"

"என்னது?"

"அந்தப் பேச்சு."

"சட்டை மடிக்கும்போது. கடை பில் எழுதும்போது. சாப்பிடும்போதுகூடத்தான்." பிறகு, "எப்படிம்மா அதைப் போன்ல சொல்றது? சொன்னா நல்லாத்தானே பேசியிருக்கார்னு நீயே சொல்லியிருப்பே" என்றாள்.

சொல்லியிருப்பேன்தான்.

டிக்கெட் ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டாள். "பெரியப்பா கேப்பார்மா. என்ன குறைன்னு கேப்பார். ஒரு தடவை அடிச்சிட்டார்னு சொல்லிடட்டுமா? அப்பதான் விடுவார்."

ஒரு பொய் அடி இருந்தால்தான் இவள் பட்டது பட்டதாக ஆகும். எனக்கு ஆத்திரமாக வந்தது. மாப்பிள்ளை மேல், மூத்தார் மேல், கையெழுத்துப் பார்த்துச் சிரித்த அந்த மனிதர் மேல், எல்லோர் மேலும்.

"பொய் எதுக்குடி? அவன் நெஜமா செஞ்சதை மறைச்சு அவனைக் காப்பாத்தவா? பெரியப்பா கேட்டா, அவர் கையில ஒரு பேனாவைக் கொடு. பின்னாடி போய் நின்னுக்கோ. இப்ப என்கிட்ட பேசினியே, அதை அப்படியே அவர் காதுல பேசு. பயம் இல்லாம தன் பேரை அவர் எழுதி முடிச்சுட்டா, நானே உன்னைத் திரும்பக் கொண்டுவந்து விடறேன்."

அவள் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.